ஆட்டின் இரைக்குழலும் பாடநூலின் மூன்று பங்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் தசைகளைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எளிமையாக எழுதியிருந்தார்கள். படங்களும் தெளிவாக இருந்தன. ஆனாலும் இரண்டு வரிகள் உறுத்தின. 'பாலூட்டிகளின் உணவுக்குழாயில் மேல் மூன்றில் ஒரு பங்கு வரித்தசை, நடுப்பங்கு கலப்பு, கீழ்ப்பங்கு மென்தசை' என்பது ஒன்று. 'கரு வளரும்போது இத்தசை முதலில் மென்தசையாக உருவாகி, பிறகு மேற்பகுதியில் வரித்தசையாக உருமாறுகிறது' என்பது மற்றொன்று. (வரித்தசை என்பது கை கால் தசையைப் போலக் குறுக்குக் கோடுகள் கொண்டது; மென்தசை என்பது இரைப்பைச் சுவரில் உள்ளதைப் போலக் கோடுகள் இல்லாதது.) முதல் வரி மனிதனுக்கு ஏறத்தாழப் பொருந்தும். பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. இரண்டாம் வரி ஒரு காலத்தில் உலகின் முன்னணி அறிவியல் இதழிலேயே இடம்பெற்ற கருத்து; இன்று அதற்கு ஆதாரம் இல்லை. கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கூறியலும் திசுவியலும் கற்பித்தவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. கடிதம் சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

முதல் வரியைச் சோதித்துப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் ஆட்டை உரித்துக் குடலை எடுக்கும் நேரத்தில் பக்கத்தில் நின்று கவனித்தாலே போதும். மூச்சுக்குழலை ஒட்டி இறங்கும் இரைக்குழலை, அதாவது உணவுக்குழாயை, கடைக்காரர் இரைப்பையோடு சேர்த்து இழுத்தெடுப்பார். தொண்டையிலிருந்து இரைப்பையின் வாய் வரைக்கும் அந்தக் குழலின் புறச்சுவர் தொடைக்கறியைப் போலச் சிவந்திருக்கும். இரைப்பையைத் தொட்டதும் நிறம் வெளிறிவிடும். சிவந்து தெரிவது வரித்தசை, வெளிறித் தெரிவது மென்தசை. நிறத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதால், மாணவர்களிடம் அதே குழலின் மேல், நடு, கீழ் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் ஒரு சிட்டிகை தசையை வெட்டி எடுத்து, மெழுகில் பதித்துச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வது என் வழக்கம். ஒளியின் துவாரத்தைச் சற்றே குறுக்கினால் தசைநாரின் குறுக்கே ஓடும் கோடுகள் எழுந்து நிற்கும். உட்கருக்கள் நாரின் ஓரத்தில் ஒதுங்கி, ஒரே நாரில் பலவாக இருக்கும். மூன்று சில்லுகளிலும் இதே காட்சிதான். மென்தசையைத் தேடுகிறவனுக்கு, இரு முனையும் கூர்த்து நடுவில் ஒற்றை உட்கரு கொண்ட கதிர் வடிவச் செல்கள், உட்புறச் சளிச்சவ்வை ஒட்டிய மெல்லிய தசைப்படலத்தில்தான் கிடைக்கும். உணவைத் தள்ளுகிற வேலையைச் செய்வது அந்தப் படலம் அல்ல. வெளிச்சுவரில் உள்ள தடித்த இரண்டு அடுக்குகள்தாம். என் கடிதம் முழுவதும் பேசுவது அந்த இரண்டு அடுக்குகளை மட்டுமே.

ஆடு மட்டுமன்று. மாட்டுக்கும் நாய்க்கும் முயலுக்கும் எலிக்கும் சுண்டெலிக்கும் உணவுக்குழாயின் வெளித்தசை ஏறக்குறைய இரைப்பை வரை வரித்தசையே. பன்றிக்கும் அப்படித்தான், இரைப்பையை நெருங்கும் கடைசிப் பகுதியைத் தவிர. குதிரைக்கு மேலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரித்தசை. அதற்குக் கீழே மென்தசை. பூனைக்கும் கீழ்ப்பகுதியில் மென்தசை உண்டு. ஒரே வீட்டில் வளரும் நாயும் பூனையும் இந்த ஒரு குழாயில் வேறுபடுகின்றன என்று சொன்னால் முதலாண்டு மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். மனிதனின் உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளம். அதில் கலப்பில்லாத வரித்தசை, தொண்டையை அடுத்த சிறு பகுதியோடு முடிந்துவிடுகிறது. கீழ்ப்பாதிக்கும் மேற்பட்ட நீளம் முழுக்க மென்தசை. இடையில் இரண்டும் நார் நாராகக் கலந்து கிடக்கின்றன. ஆகவே மூன்று சமபங்கு என்பது மனிதனுக்கும்கூட நினைவில் வைத்துக்கொள்ள உதவும் ஒரு வாய்பாடே தவிர, அளந்து கண்ட கணக்கு அன்று. பறவைகளின் பக்கம் போனால் நிலைமை நேர்மாறு: கோழியின் உணவுக்குழாயில் வெளித்தசை முழுவதும் மென்தசை.

இந்த இடத்தில் பள்ளிப் பாடத்தின் கலைச்சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் விரும்பி அசைக்கும் தசையை 'இயக்குதசை' என்றும், தானாகவே அசைவதை 'இயங்குதசை' என்றும் பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறோம். ஓர் எழுத்தில் பொருளைப் பிரிக்கும் அழகான சொற்கள். ஆனால் வரித்தசை என்றாலே இயக்குதசை, மென்தசை என்றாலே இயங்குதசை என்று சமன்பாடு போட்டுவிடுவதுதான் தவறு. ஒரு கவளத்தை விழுங்கத் தொடங்குவது மட்டுமே நம் விருப்பம். அது தொண்டையைத் தாண்டியபின் நிறுத்தவோ, திருப்பியழைக்கவோ, வேகத்தைக் கூட்டவோ நம்மால் முடியாது, அந்த இடத்தில் இருப்பது வரித்தசையாகவே இருந்தாலும். நாயின் உணவுக்குழாய் முழுவதும் வரித்தசை. அதற்காக நாய் தன் உணவுக்குழாயைக் காலைப் போல நினைத்தபடி அசைப்பதில்லை. முகுளத்தில் உள்ள நரம்புச் செல்கள் மூளையிலிருந்து கழுத்து வழியாக வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பின் வழியே ஒவ்வொரு நாருக்கும் வரிசையாகக் கட்டளை அனுப்புவதால்தான் அலை போன்ற சுருக்கம் மேலிருந்து கீழே இறங்குகிறது. மென்தசைப் பகுதியில் ஏற்பாடு வேறு. அங்கே குழாயின் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு வலை இருக்கிறது. மூளையிலிருந்து வரும் செய்தியை அது வாங்கித் தன் போக்கில் அலையை நடத்துகிறது. கழுத்தில் வேகஸ் நரம்புகள் இரண்டையும் வெட்டிவிட்டால் வரித்தசைப் பகுதி செயலிழந்துவிடும். மென்தசைப் பகுதியோ குழாய் விரியும்போது தானே அலையெழுப்பக்கூடியது. தசையின் வகை மாறினால் அதை ஆளும் நரம்பின் முறையும் மாறுகிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஏன் இந்த வேறுபாடு? மாட்டைப் பார்த்தால் உடனே ஒரு விடை தோன்றும். அசைபோடும் மாட்டின் கழுத்துக்கு இடப்பக்கம் நின்று கவனியுங்கள். ஒரு கவளத்தை மென்று விழுங்கியதும் அது தோலுக்கடியில் கீழே இறங்குவது தெரியும். ஓரிரு நொடி அமைதி. பிறகு அடுத்த கவளம் கீழிருந்து மேலே விறுவிறுவென்று ஏறி வாய்க்கு வந்து சேரும். தாடை மறுபடி பக்கவாட்டில் அரைக்கத் தொடங்கும். நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் இதுவே வேலை. இவ்வளவு வேகமாக, இரு திசையிலும், களைப்பில்லாமல் சுருங்குவதற்கு வரித்தசைதான் ஏற்றது என்று நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். விடை அழகாக இருக்கிறது. ஆனால் எலி அதைக் கெடுத்துவிடுகிறது. எலியால் அசைபோடவும் முடியாது, வாந்தி எடுக்கவும் முடியாது; விழுங்கியது விழுங்கியதுதான். அதற்கும் குழாய் முழுவதும் வரித்தசை. மனிதனோ கீழ்ப்பாதியில் மென்தசையை வைத்துக்கொண்டு தாராளமாக வாந்தி எடுக்கிறான். ஆகவே பயனை வைத்து மட்டும் வகையை விளக்கிவிட முடியாது. எந்தச் செல்கள் எங்கிருந்து, எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தன என்ற வளர்ச்சி வரலாற்றைப் பார்க்கத்தான் வேண்டும். கட்டுரையின் இரண்டாம் வரி தொடும் இடமும் அதுவே.

கருவின் முன்குடல் என்ற எளிய குழலிலிருந்துதான் உணவுக்குழாயும் மூச்சுக்குழலும் பிரிகின்றன. மனிதக் கருவில் இந்தப் பிரிவு நான்காம் வாரத்தில் தொடங்குகிறது. குழலின் உட்பூச்சு ஒரு அடுக்கிலிருந்து வருகிறது. அதைச் சுற்றியுள்ள தசை வேறோர் அடுக்கிலிருந்து, அதாவது கருவின் நடு அடுக்கிலிருந்து வருகிறது. முன்குடலைச் சூழ்ந்த நடு அடுக்குச் செல்கள் வட்டமாகவும் பிறகு நீளவாக்கிலும் அடுக்கிக்கொண்டு மென்தசையாகின்றன. இதுவரை ஐயமில்லை. சுண்டெலிக் கருவை எடுத்துக்கொண்டால், தொடக்கத்தில் உணவுக்குழாயின் மேலிருந்து கீழ்வரை இப்படி மென்தசை மட்டுமே இருக்கிறது. அதன் கருக்காலம் ஏறத்தாழ 20 நாள். ஏறத்தாழ 14ஆம் நாளையொட்டிக் குழாயின் மேல்முனையில் வரித்தசை தலைகாட்டுகிறது. அங்கிருந்து நாளுக்கு நாள் கீழே இறங்குகிறது. குட்டி பிறந்தபின்னும் இறக்கம் நிற்பதில்லை. பிறந்து இரண்டு மூன்று வாரங்களில் இரைப்பைக்கு அருகே வந்து நிற்கிறது. அதற்குள் மேலே இருந்த மென்தசை அடுக்குகளைக் காணவில்லை. மென்தசை இருந்த அதே இடத்தில் வரித்தசை. மென்தசையே வரித்தசையாக மாறிவிட்டது என்று முடிவுகட்டுவதைவிட இயல்பான முடிவு வேறென்ன இருக்க முடியும்?

1995ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் இதைத்தான் எழுதினார்கள். கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தில் பார்பரா வோல்டின் ஆய்வகத்தில் அப்போது முனைவர் பட்ட மாணவராக இருந்த ஆர்டெம் படாபூட்டியன் அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர். சுண்டெலியின் உணவுக்குழாயில் வரித்தசை இறங்கிவரும் எல்லைப் பகுதியில், மென்தசைக்கு உரிய புரதத்தையும் வரித்தசைக்கு உரிய புரதத்தையும் ஒரே சமயத்தில் தாங்கிய செல்களை அவர்கள் கண்டார்கள். முழு வளர்ச்சியடைந்த ஒரு வகைத் தசைச் செல் இன்னொரு வகையாக மாறுவது இயற்கையிலேயே நடக்கிறது என்ற செய்தி அந்நாளில் பெரும் பரபரப்பாக இருந்தது. பாடநூல்கள் அதை வாங்கிக்கொண்டன. நானும் வாங்கிக்கொண்டேன். பத்தாண்டுகளுக்கும் மேலாக என் வகுப்புக் குறிப்பேட்டில் 'மென்தசை வரித்தசையாக மாறுதல்: உ-ம். சுண்டெலி உணவுக்குழாய்' என்ற வரி அடிக்கோட்டுடன் இருந்தது, தேர்விலும் கேட்டிருக்கிறேன். அப்படி எழுதாதவர்களுக்கு மதிப்பெண் குறைத்தும் இருக்கிறேன். தங்கள் கட்டுரையாளரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை என்பதை இதனால் ஒப்புக்கொள்கிறேன். (அதே படாபூட்டியன் பின்னாளில் தொடுதலையும் அழுத்தத்தையும் உணரும் புரதங்களைக் கண்டறிந்ததற்காக 2021இல் டேவிட் ஜூலியஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பரிசுக்கும் உணவுக்குழாய் ஆய்வுக்கும் தொடர்பில்லை.)

கண்ட காட்சியில் பிழை இல்லை. அதற்குக் கொடுத்த பொருளில்தான் சிக்கல். இரு புரதங்களையும் தாங்கிய செல் ஒன்றைக் கண்டால், அது மென்தசையாக இருந்து வரித்தசையாக மாறிக்கொண்டிருக்கிறது என்று ஒருவர் படிக்கலாம். ஆனால் உடலின் மற்ற இடங்களில் இளம் வரித்தசைச் செல்களே வளர்ச்சியின் நடுவில் சிறிது காலம் மென்தசைப் புரதங்கள் சிலவற்றை உண்டாக்கிப் பிறகு கைவிடுகின்றன. கை கால் தசையிலும் இது நடக்கிறது; அங்கே மென்தசையிலிருந்து மாறியதாக யாரும் சொல்வதில்லை. ஆகவே இரட்டை அடையாளம் அந்தச் செல்லின் வயதைக் காட்டுகிறதா, பூர்வீகத்தைக் காட்டுகிறதா என்பதைப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பூர்வீகத்தை அறிய வேண்டுமானால் செல்லுக்குப் பிறப்பிலேயே அழியாத ஒரு முத்திரை குத்தி, அதன் சந்ததி எங்கே போய்ச் சேர்கிறது என்று பின்தொடர வேண்டும்.

அந்த வழி சுண்டெலியில் உண்டு. மென்தசைச் செல்லில் மட்டும் விழித்தெழும் ஒரு மரபணுவின் கட்டுப்பாட்டில் ஒரு நொதியை வைப்பார்கள். நொதி ஒரு முறை வேலை செய்தால் போதும், அந்தச் செல்லின் மரபுப்பொருளில் ஒரு வெட்டு விழும்; அதன்பின் அந்தச் செல்லும் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், பின்னாளில் எந்த வேடம் போட்டாலும், சாயமிட்டால் நீலமாகத் தெரியும். மென்தசை வரித்தசையாக மாறியது உண்மையானால், வளர்ந்த சுண்டெலியின் உணவுக்குழாயில் வரித்தசை நார்கள் நீலமாக இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவக் கல்லூரிக் குழு ஒன்று இம்முறையைக் கையாண்டு பார்த்தது. மென்தசை நீலம், வரித்தசை நீலமில்லை. உணவுக்குழாயில் வரித்தசை உருவாவது மென்தசை உருமாறுவதால் அல்ல என்பதையே அவர்கள் கட்டுரையின் தலைப்பாக வைத்தார்கள். கால்நடை மருத்துவர்கள் செய்த வேலை என்பதில் எனக்கு ஒரு சிறிய பெருமிதம் உண்டு; மறைக்கவில்லை.

அப்படியானால் வரித்தசை எங்கிருந்து வந்தது? உடலின் பெரும்பாலான வரித்தசைகள், கருவின் முதுகெலும்பு அச்சுக்கு இருபுறமும் மணி கோத்ததுபோல் அமையும் சோமைட் கண்டங்களிலிருந்து வருகின்றன. கை, கால், உதரவிதானம் எல்லாம் அங்கிருந்து புறப்பட்ட செல்களின் வேலை. பாக்ஸ்-3 என்ற மரபணு இல்லாவிட்டால் கைகால் தசை உருவாகாது. ஆனால் பாக்ஸ்-3 இல்லாத சுண்டெலிக் கருவிலும் உணவுக்குழாயின் வரித்தசை பழுதில்லாமல் உருவாகிறது. மாறாக டிபிஎக்ஸ்-1 என்ற வேறொரு மரபணுவை நீக்கினால் உணவுக்குழாயின் வரித்தசையே இல்லாமல் போகிறது. டிபிஎக்ஸ்-1 தலை, தொண்டைப் பகுதித் தசைகளுக்கும் இதயத்தின் ஒரு பகுதிக்கும் மூலமான நடு அடுக்குச் செல்களில் இயங்குவது. பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் ஷஹ்ராகிம் தாஜ்பக்ஷின் ஆய்வகம், இந்திய ஆய்வாளர்களும் பங்கேற்ற ஓர் ஆய்வின் வழியாக, 2015இல் இதை வெளியிட்டது. உணவுக்குழாயின் வரித்தசை தலைப்பக்கத்து நடு அடுக்கிலிருந்து வருகிறது என்பது அதன் முடிவு. மாட்டின் நெஞ்சுக்குள் இறங்கி இரைப்பை வரை நீளும் அந்தச் சிவந்த தசைக்கு, பிறப்பின்படி உறவு விலா எலும்பை ஒட்டிய தசையோடு அன்று. தாடையை அசைக்கும் தசையோடும் குரல்வளைத் தசையோடும், கொஞ்சம் தொலைவாக இதயத்தின் ஒரு பகுதியோடும்தான். இதை முதன்முதலில் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டேன் என்று சொன்னால் மிகையில்லை.

அதே ஆய்வகம் 2019இல் இந்தப் பயணத்தின் வழியையும் விளக்கியது. தலைப்பக்கத்துச் செல்கள் உணவுக்குழாயின் மேல்முனையை அடைந்து, அங்கிருந்து கீழ்நோக்கி நகர்கின்றன. எல்லாச் செல்களும் ஒரே மூச்சில் இரைப்பைவரை ஓடிவிடுவதில்லை. சில செல்கள் தசையாக முதிர்ந்து அங்கங்கே தங்கிவிடுகின்றன. சில முதிராமல் முன்னே போய்க்கொண்டே இருக்கின்றன. முன்னே போகிறவற்றுக்கு வழிகாட்டுவது எது? குழாயின் சுவரில் ஏற்கெனவே அமைந்திருக்கும் மென்தசை அடுக்குகள்தாம். அங்கிருந்து சுரக்கும் எச்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியை, நகரும் செல்களின் மேற்பரப்பில் உள்ள மெட் என்ற ஏற்பி பற்றிக்கொள்கிறது. மெட் இல்லாத கருவில் குரல்வளைத் தசைகள் உருவாகிவிடுகின்றன. உணவுக்குழாயில் மட்டும் வரித்தசை இல்லை. அதாவது செல்கள் வாசல்வரை வந்துவிட்டன. உள்ளே நடந்து போகத்தான் முடியவில்லை. மென்தசை, வரித்தசையின் தாய் அன்று. அது நடந்துபோன பாதை. கட்டுரையாளர் 'உருமாற்றம்' என்ற ஒரு சொல்லைப் போட்டதில் இந்த வரலாறு முழுவதும் மறைந்துபோகிறது என்பதே என் குறை.

நியாயமான ஒரு கேள்வி எழும்: வரித்தசை வந்து அமர்ந்தபின் அங்கிருந்த மென்தசை என்ன ஆயிற்று? செத்து மடிந்ததா என்று எல்லைப் பகுதியை மின்னணு நுண்ணோக்கியில் தேடியவர்கள் குறிப்பிடத்தக்க அளவில் செல்சாவைக் காணவில்லை. குழாய் நீளும்போது மென்தசைச் செல்கள் கீழ்நோக்கி ஒதுங்கிச் செறிகின்றன என்பது ஒரு விளக்கம். சில செல்கள் வேறு பணிக்கு மாறுகின்றன என்பது இன்னொன்று. ஆய்வாளர்களிடையே விவாதம் முடிந்தபாடில்லை. இந்த இடப்பெயர்ச்சி சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சுண்டெலியிலேயே எடுத்துக்காட்டு உண்டு. சிடிஓஎன் என்ற மரபணு பழுதுபட்ட சுண்டெலிகளில் இரண்டு தசைகளின் எல்லையும் அமைப்பும் இரைப்பையின் வாயருகே குழம்பி, உணவுக்குழாய் பையைப் போல விரிந்துவிடுகிறது.

மனிதக் கருவில் வரித்தசையின் இறக்கம் பாதி வழியிலேயே நின்றுவிடுவதால்தான் நமக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் கலப்பு என்ற அமைப்பு கிடைத்தது. நாயில் அது கடைசிவரை போய்விடுகிறது. இவ்வளவுதான் வேறுபாடு, ஆனால் நோயாளியின் முன் நிற்கும்போது இந்த வேறுபாடு சிறியதன்று.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு லாப்ரடார் நாயை அழைத்துவந்தார்கள். ஐந்து வயது இருக்கும். தின்றதை எல்லாம் 'வாந்தி எடுக்கிறது' என்றார் உரிமையாளர். மேசையில் ஏற்றிப் பிடித்து ஒரு கைப்பிடி சோறு கொடுத்தேன். சில நிமிடங்களில் நாய் தலையைக் கவிழ்த்தது. வயிறு எக்கவில்லை, குமட்டவில்லை. சோறு தின்றபடியே, உருளை வடிவில், எச்சில் பூசி வெளியே விழுந்தது. பித்தத்தின் மஞ்சள் துளியும் இல்லை. அது வாந்தி அன்று. உணவு இரைப்பைக்குப் போய்ச் சேரவே இல்லை. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் கரைசலைக் கொடுத்துப் படம் எடுத்தபோது, நெஞ்சுக்குள் உணவுக்குழாய் தொங்கும் பையாக விரிந்து கிடந்தது. அதற்குமுன் வேறோர் இடத்தில், மனிதர்களுக்குக் குடல் அசைவைத் தூண்டக் கொடுக்கும் மருந்தை வாரக்கணக்கில் கொடுத்திருந்தார்கள். அந்த மருந்து வேலை செய்வது மென்தசையில். நாயின் உணவுக்குழாயிலோ அது தொடுவதற்கு மென்தசையே இல்லை. நரம்பும் வரித்தசையும் சந்திக்கும் இடத்தை உடலின் எதிர்ப்புப் பொருளே தாக்கும் மயஸ்தீனியா என்ற நோய் நாய்களில் இப்படித்தான் அடிக்கடி வெளிப்படுகிறது, கால்கள் தளராமல் உணவுக்குழாய் மட்டுமே தளர்ந்தும்கூட. இந்த நாய்க்கும் அதுவே காரணம் என்று பின்னர் தெரிந்தது. நோய்க்கான மருந்தோடு, முன்கால்களை உயரத்தில் வைத்து நிமிர்ந்த நிலையில் ஊட்டி, ஊட்டியபின் கால் மணி நேரம் அப்படியே நிறுத்திவைக்கச் சொன்னோம். தசை செய்யாத வேலையைப் புவியீர்ப்பு செய்தது.

அதே மயஸ்தீனியா மனிதனுக்கு வந்தால் விழுங்கும் தொல்லை தொண்டையிலும் மேற்பகுதியிலும்தான் தெரியும். கீழே மென்தசை என்பதால் அது தப்பித்துக்கொள்கிறது. மனிதனுக்குக் கீழ்முனை இறுகி உணவு இறங்காமல் நிற்கும் அகலேசியா நோயில், மென்தசையைத் தளர்த்தும் மருந்துகளுக்கு ஓரளவு இடமுண்டு. இரண்டு உயிரினங்களிலும் பெயர் 'உணவுக்குழாய்'தான். தசை எது என்று கேட்காமல் மருந்தை மாற்றிக் கொடுக்க முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனிதரில் 22ஆம் குரோமோசோமின் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அந்தத் துண்டில்தான் டிபிஎக்ஸ்-1 இருக்கிறது. இக்குழந்தைகளில் இதயக் குறைபாடும் பால் விழுங்குவதில் சிரமமும் சேர்ந்து வருவது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. அந்தச் சிரமத்துக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் இதயத்தின் ஒரு பகுதியும் தொண்டை, உணவுக்குழாய்த் தசையும் கருவில் ஒரே பங்காளி வீட்டுச் செல்கள் என்பதைத் தெரிந்துகொண்டவருக்கு, இவை இரண்டும் சேர்ந்து வருவது வியப்பாக இராது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மரபணுக்களின் பெயரெல்லாம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். தேவையில்லைதான். கட்டுரையின் அந்த இரண்டு வரிகளுக்குப் பதிலாகக் கீழ்க்கண்டவாறு திருத்தம் வெளியிட்டால் போதும் என்பது என் வேண்டுகோள்: 'மனிதனின் உணவுக்குழாயில் மேல்முனையில் வரித்தசையும், கீழ்ப்பாதிக்கும் மேற்பட்ட பகுதியில் மென்தசையும், இடையில் இரண்டின் கலப்பும் உள்ளன. நாய், மாடு, ஆடு, எலி போன்றவற்றில் ஏறக்குறைய முழுவதும் வரித்தசையே. கருவில் முதலில் மென்தசை அமைகிறது. வரித்தசைச் செல்கள் தலைப்பகுதியிலிருந்து வந்து, மேலிருந்து கீழாக அதன் இடத்தைப் பிடிக்கின்றன.' நான்கு வாக்கியம். முன்பிருந்ததைவிடச் சற்றே கூடுதல். ஆசிரியர் குழு இடம் ஒதுக்கினால் நன்றியுடையேன்.

படம் வேண்டுமானால், ஆட்டின் இரைக்குழலில் மேல், நடு, கீழ் மூன்று இடங்களிலிருந்தும் எடுத்த கண்ணாடிச் சில்லுகள் மரப்பெட்டியில் இன்னும் என்னிடம் இருக்கின்றன. சாயம் கொஞ்சம் மங்கியிருக்கிறது. ஆனால் குறுக்குக் கோடுகள் தெரிகின்றன. பக்கத்து வீட்டு மாணவி தன் கைப்பேசியை நுண்ணோக்கியின் கண்ணாடியில் வைத்துப் படமெடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். தாங்கள் கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை உடற்கூறியல் ஆசிரியர்,
நாமக்கல்.